ஃப்ரீசர் பெட்டி வருவதற்கு முன்

விருதுநகர், கோவில்பட்டி, போடி, திண்டுக்கல், பொள்ளாச்சி, ஈரோடு என்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் இயங்கும் வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,



ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டால் ஃப்ரீசர் பெட்டி வருகிறது. சாமியானாவும் நாற்காலியும் வருகின்றன. அமரர் ஊர்தி வருகிறது. வாங்கிக் கொடுத்த சங்கத்தின் பெயர் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. எரிவாயு மயானத்தைப் பல ஊர்களில் ரோட்டரி சங்கமோ அரிமா சங்கமோ வணிகர்களே சேர்ந்து வைத்த அறக்கட்டளையோ பராமரிக்கிறது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறுகிறது. இறந்தவர் சங்க உறுப்பினராக இருந்தால் கடைகள் அரை நாள் அடைத்திருக்கும். இலவசமாகவோ மிகக் குறைந்த வாடகைக்கோ இவ்வளவையும் செய்து தரும் ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றின் பின்னால் பெரும்பாலும் உங்கள் பணமும் உங்கள் உழைப்பும்தான் நிற்கின்றன.

இந்த மடல் அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களைப் பற்றியது.

உங்கள் மார்க்கெட்டில் இருபது வருடம் மூட்டை தூக்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊர் மார்க்கெட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். புகையிலை அடக்கிய வாயில் புண் வந்தது, ஆறவில்லை. மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஆபரேஷன் ஆயிற்று, கரண்ட் (கதிரியக்கச் சிகிச்சை) வைத்தார்கள். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. பஸ் செலவுக்கும் கூட இருந்தவர் சாப்பாட்டுக்கும் வட்டிக்கு வாங்கினார்கள். ஒரு வருடத்தில் கட்டி திரும்ப வந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருக்கிறது. நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வருவதில்லை; ஏன் வருவதில்லை என்று அவருக்கும் தெரியும். விழுங்க முடியாததால் மூக்குக் குழாயில் கஞ்சி. ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறும்போது மனைவியின் கையில் இருப்பது பாராசிட்டமால் மட்டும்தான். விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஓர் ஊசி போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். மறுநாளும் அதே கதை.

இந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வந்தால் என்ன மாறும்? புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாட்களில் நாற்றம் அடங்கத் தொடங்கும். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற மலிவான மாத்திரை அது. வாய்வழி மார்ஃபினை, டாக்டர் எழுதித் தரும் அளவில், மணி தவறாமல் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வலி கட்டுக்குள் வரும். காற்றுப் படுக்கை ஒன்றை இரவல் கொடுத்து, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்தால் படுக்கைப்புண் பெருமளவு தவிரும். மனைவி உட்கார்ந்து அழுவதற்கும் ஒருத்தர் கிடைப்பார். பாலியேட்டிவ் கேர் என்று டாக்டர்களும், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று அரசுத் தாள்களும் சொல்வது இதைத்தான். நோயைக் குணமாக்க வழியில்லாதபோதும் செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும் என்றும் இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், நுரையீரல் நோயில் மூச்சுக்குத் திணறுபவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள் என எல்லோருக்கும் இது வேண்டியிருக்கிறது.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, அதில் 14 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இந்தியாவில் இது ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டாது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். உங்கள் ஊரின் எண்ணிக்கை எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. கடைக்குக் கடை விசாரித்தால் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் கே. சுரேஷ்குமாரும் ஒரு வலி நிவாரணச் சொசைட்டியைத் தொடங்கினார்கள். இருவரும் மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்தவர்கள். அசோக் குமார் என்ற தன்னார்வலர், டாக்டரல்லாதவர், அவர்களோடு நின்றார். கையில் இருந்தது சின்ன அறை ஒன்றுதான். வந்தவர்களுக்கு வலி குறைந்தது, கூட்டமும் பெருகியது. கூடவே ஒரு சிக்கலும் தெரிய வந்தது. எழுந்து உட்கார முடியாதவர்தான் அதிக வலியில் இருப்பவர், அவரால் கோழிக்கோட்டுக்கு வர முடியாது. வந்து போனவர்களின் கஷ்டத்திலும் பாதி மருந்தால் தீர்கிறதாக இல்லை. சம்பாதித்தவர் படுத்துவிட்டதால் அடுப்பு எரியவில்லை, பிள்ளையின் பள்ளிப் படிப்பு நின்றது, சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் மருத்துவக் கல்லூரியால் சரிசெய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரரால் முடியும்.

அந்த அறிவிலிருந்து 2000ஐ ஒட்டி அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் என்கிற ஏற்பாடு உருவானது. மலப்புரம் மாவட்டத்தில் அது ஆழமாக வேர்பிடித்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம்: ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், கல்லூரி மாணவி. பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு செவிலியர்களோடு நான்கு நாள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று பயிற்சியை வகுத்தார்கள். தங்கள் பகுதியில் படுக்கையில் கிடப்பவர்கள் யார் யார் என்று தன்னார்வலர்களே கண்டுபிடித்து எழுதினார்கள். மருத்துவ வேலையைச் செவிலியரும் டாக்டரும் பார்க்க, அரிசி, பள்ளிக் கட்டணம், பேச்சுத்துணை, ரேஷன் அட்டைக்கு அலைவது முதலியவற்றை ஊர் ஏற்றுக்கொண்டது. முதுகுத்தண்டு அடிபட்டு எழ முடியாமல் போனவர்களுக்குக் குடை தைக்கவும் சோப்பு செய்யவும் கற்றுக்கொடுத்து, அந்தக் குடைகளை விற்றும் கொடுத்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை வணிகர்களாகிய நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். பெரும்பகுதி அந்தந்த ஊரிலேயே, சில்லறையாக வந்தது. கடை மேசையில் வைத்த உண்டியல், மாணவர்கள் வகுப்பில் சேர்த்த காசு, தொழிலாளர் சங்கங்களின் வசூல், மாதாமாதம் பத்து ரூபாய் தருவதாகப் பெயர் கொடுத்த குடும்பங்கள். கொடுத்தவர்களில் பலர் கூலிக்காரர்கள். ஜனவரி 15ஐப் பாலியேட்டிவ் நாள் என்று கேரளம் கடைப்பிடிக்கிறது. அன்று தெருவெங்கும் வசூல் நடக்கும். இப்படிச் சேர்ந்த பணத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஒரு பெரிய புரவலர் மனம் மாறினாலோ தொழிலில் நொடித்தாலோ அவர் நடத்தும் அறப்பணி அடுத்த மாதமே நின்றுபோகும். ஐயாயிரம் பேர் பத்துப் பத்து ரூபாயாகக் கொடுப்பது அப்படி நிற்பதில்லை. கொடுத்த ஐயாயிரம் பேருக்கும் அது தங்கள் நிறுவனம் என்ற உரிமையும் வந்துவிடுகிறது. செவிலியர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அரசு பின்னால் வந்தது. 2008ல் கேரள அரசு பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். உள்ளாட்சிப் பணத்தில் ஊராட்சிகள் செவிலியர்களை நியமித்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. இந்திய மக்கள்தொகையில் 3 விழுக்காடு மட்டுமே உள்ள அந்த மாநிலம் நாட்டின் பாலியேட்டிவ் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்று 2010ல் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் அறிக்கை எழுதியது. அங்கேயும் எல்லாம் சீராக ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் செவிலியரின் வருகை பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கியிருக்கிறது, இளைஞர்களை வரவழைப்பதும் கடினமாகியிருக்கிறது. குறைகளோடும் அந்த ஏற்பாடு கால் நூற்றாண்டைத் தாண்டி நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இங்கே மார்ஃபினைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் சங்கக் கூட்டத்தில் முதல் தயக்கம் அதில்தான் வரும். அபினியிலிருந்து வருவது, போதை மருந்து, நமக்கு எதற்கு வம்பு என்று ஒருவர் எழுந்து சொல்வார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான தண்டனைகளோடு வந்தது. ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள், ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். வம்பே வேண்டாம் என்று ஆஸ்பத்திரிகள் வாங்குவதை நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. மார்ஃபின் எழுதியே பழகாத ஒரு தலைமுறை டாக்டர்கள் உருவானார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. நீமச்சிலும் காஜிபூரிலும் அரசு ஆலைகளே அதைப் பதப்படுத்துகின்றன. அந்த நாட்டிலேயே புற்றுநோயாளிக்குச் சில ரூபாய் விலையுள்ள மாத்திரை எட்டாமல் போனது.

ராஜகோபாலும் அவர் 2003ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியாவும் மற்ற அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஓர் அங்கீகாரம் பெற்றால் போதும். பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், இருப்புக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். கணக்கு எழுதுவது உங்களுக்குப் புதிதில்லை. கடும் வலிக்காக, டாக்டரின் மேற்பார்வையில், வாய்வழியாக மார்ஃபின் எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது நெடுங்காலமாக இருக்கிறது. 2017ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒரு கணக்கைச் சொன்னது. உலகில் ஆண்டுக்குப் பகிரப்படும் அபினி வகை வலி மருந்துகள், மார்ஃபின் அளவில் கணக்கிட்டால், சுமார் 298 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று எழுதுவது அநியாயம். சென்னையில் ஜீவோதயாவும் டீன் அறக்கட்டளையும் 1990களிலேயே இந்த வேலையில் இறங்கியவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் தன் வேலைகளில் சேர்த்துக்கொண்டது. 2024ல் அந்தத் திட்டம் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது.

அப்படியானால் அரசே பார்க்கட்டுமே என்று இரண்டாவது கேள்வி வரும். வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்ற அளவில்தான் அரசால் ஆதரவுச் சிகிச்சைக்கு ஆள் போட முடிந்திருக்கிறது. ஒரு வட்டாரம் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அந்தச் செவிலியர் ஒரு வீட்டுக்கு மறுபடி வருவதற்குள் பல நாள் ஆகிவிடும், இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு அந்த நாட்கள் மிக நீளமானவை. அரசுச் செவிலியரால் இன்னும் சிலவற்றைச் செய்யவே இயலாது. அந்த வீட்டுக்கு ஒரு மாத மளிகை அனுப்ப அவருக்கு விதி இடம் தராது. வட்டிக்காரரிடம் பேசித் தவணை வாங்கித் தர முடியாது. உங்களால் முடியும், அந்த வட்டிக்காரர் உங்கள் சங்க உறுப்பினராகவே இருக்கலாம். அரசு செய்வதை அகற்றிவிட்டு நீங்கள் செய்ய வேண்டும் என்று இந்த மடல் கேட்கவில்லை. அந்த ஒற்றைச் செவிலியருக்குப் பக்கத்தில் இன்னும் இருவரை நிறுத்துங்கள் என்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். சங்கங்கள் இந்த விஷயத்தில் தவறான இடத்தில் தொடங்கிவிடக்கூடும் என்ற கவலை உண்டு. தொடங்கும்போதே இடம் வாங்கிக் கட்டடம் கட்டலாம் என்று தோன்றும். கட்டடத்துக்கு நன்கொடை கேட்பது சுலபம். அறைக்கு ஒரு பெயர் பொறிக்கலாம், திறப்பு விழா வைக்கலாம். இறுதிக் கட்ட நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் விடுதி, அதாவது ஹாஸ்பிஸ், தேவையே இல்லை என்பதும் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களும், வீட்டில் அடங்காத வலி உள்ளவர்களும் இருக்கிறார்கள். 1986ல் மும்பை பாந்த்ராவில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன்தான் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ். பெங்களூரில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் ஒரு ரோட்டரி சங்கமும் சேர்ந்து 1994ல் அறக்கட்டளை அமைத்து, 1999 முதல் கருணாஸ்ரயா என்ற விடுதியை நடத்துகின்றன. அங்கே எந்த நோயாளியிடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஊர்ச் சங்கம் ஒன்று இறங்கினால் எதுவரை போகலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் சின்ன ஊரில் கட்டடம் எழுந்து மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெயிண்ட் புதிதாக இருக்கும், செவிலியர் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. இந்தப் பணியில் செலவெல்லாம் மாதாமாதம் வருகிறது: சம்பளம், டீசல், பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், மாத்திரை. எதிலும் பெயர் பொறிக்க முடியாது. இதற்கான பணம் மெதுவாகத்தான் சேரும். பிரிட்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தது 1967ல். அதற்கு முதல் நன்கொடை கிடைத்தது 1948ல். வார்சாவிலிருந்து வந்து லண்டன் ஆஸ்பத்திரியில் புற்றுநோயில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி தன் சேமிப்பில் 500 பவுண்டை அவருக்கு விட்டுச்சென்றார். அந்தப் பணத்தைச் சுற்றி மற்றதைச் சேர்க்கப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. அரசே எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் அந்த நாட்டில் இன்றும் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து வருகிறது. மிச்சத்தை அந்தந்த ஊர் மக்கள் பழைய துணிக்கடை நடத்தியும் ஓட்டப்பந்தயம் வைத்தும் உயிலில் எழுதி வைத்தும் சேர்க்கிறார்கள்.

மாதாமாதம் சேரும் பணத்துக்கு நீங்கள் பிரிட்டனைப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் தாத்தாக்கள் வைத்த மகமை இருக்கிறது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கத்து வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் வியாபாரமாகும் சரக்கின் மேல் இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். கிணறும் பள்ளியும் கோயிலும் அந்தப் பணத்தில் எழுந்தன. விருதுநகரில் 1889ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தில் நடந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தும் அந்தப் பள்ளியைத் தாங்கினார்கள். நகரத்தார் கோயில்களுக்கு மகமை வைத்தார்கள். இன்னும் பின்னால் போனால் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் உப்பு, நெல், மிளகு, பாக்கு, மஞ்சள், நூல் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வீதம் வைத்துக் கோயிலுக்குத் தந்ததைப் பட்டியல் போடுகிறது. பல மகமைகள் தங்கள் சமூகத்தின் எல்லைக்குள் நின்றவை. இப்போது கேட்கும் மகமைக்கு அந்த எல்லை இருக்கக் கூடாது. படுக்கையில் கிடப்பவர் எந்தத் தெருக்காரர், எந்தச் சாமியைக் கும்பிடுபவர் என்று கேட்கும் நிதி இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு கடைகள், கடைக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். மாதம் 60,000 ரூபாய் ஆகிறது. சிறிய ஊரில் ஒரு செவிலியர், ஓர் உதவியாளர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாடகை வண்டி, அடிப்படை மருந்துகள் என்று தொடங்க இது போதும். கூட்டம் கூட்டி ஒரே நாளில் ஏழு லட்சம் வசூலிப்பதைவிட இந்தச் சில்லறை பன்னிரண்டு மாதமும் தவறாமல் வருவது மேல். செவிலியருக்கு அடுத்த வருடமும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். இல்லையென்றால் நல்ல செவிலியர் நிற்க மாட்டார்.

ஊரில் நூற்பாலையோ பெரிய கம்பெனியோ இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வண்டி வாங்கவோ கருவி வாங்கவோ வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்துக்கு அதை நம்ப வேண்டாம். அடுத்த ஆண்டு அவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விடக்கூடும். வருமான வரி 80ஜி சலுகை பற்றி உறுப்பினர்கள் கேட்பார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் அது உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

கொடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் பக்கத்தில் வரிசையாக நின்று, அரிசிப் பையைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போகும். முகம் சிதைந்த ஒரு மனிதருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை உங்கள் கடையில் உழைத்துச் சம்பளம் வாங்கியவர் அவர். நோயாளியின் வீட்டில் போட்டோ கிடையாது என்று தொடக்கத்திலேயே தீர்மானம் போடுங்கள். காற்றுப் படுக்கையில் உபயம் என்று பெயர் எழுதாதீர்கள். பெயர் போட வேண்டும் என்று யாராவது விரும்பினால் ஆண்டறிக்கையில் போடலாம். ஐந்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதே எழுத்து அளவில் இருக்கட்டும்.

பணத்தோடு நேரமும் வேண்டும். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கும் மூத்த உறுப்பினர்கள் எல்லாச் சங்கத்திலும் உண்டு. ஊரில் எல்லோரையும் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், அவர்களைவிட நல்ல தன்னார்வலர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் பயிற்சிக்குப் போகட்டும். உள்ளூர் டாக்டர் ஒருவரையும் செவிலியரையும் சங்கச் செலவில் பயிற்சிக்கு அனுப்புங்கள். கோழிக்கோட்டில் பாலியேட்டிவ் மருத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா பயிற்சி தருகிறது. நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம் இரண்டு மணி நேரத் தொலைவு, திருநெல்வேலிக்காரர்கள் காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் உறவினர்களும் வியாபார நண்பர்களும் ஏதாவது செய்ய விரும்புவார்கள். மாலைக்கும் பேனருக்கும் செய்கிற செலவில் ஒரு பகுதியை இந்த நிதிக்குத் தரச் சொல்லலாம். ஆண்டுதோறும் நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்கும் குடும்பங்களிடமும் கேட்கலாம். தங்கள் வீட்டில் ஒருவர் வலியில்லாமல் போனதைக் கண்ட குடும்பம் இந்த நிதிக்கு நீங்கள் கேட்காமலே கொடுக்கும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கேரளத்தின் பாலியேட்டிவ் நாளான ஜனவரி 15 நம் பொங்கல் நாட்களில்தான் வருகிறது. பொங்கல் வியாபாரம் முடிந்து கடைகளில் கொஞ்சம் காசு புழங்கும் நேரம், மகமையை அந்த வாரத்தில் தொடங்கலாம். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் உண்டு. வார்டு வாரியாக இரண்டு உறுப்பினர்கள் போய், எழ முடியாமல் கிடப்பவர்களின் பட்டியலை எடுக்கட்டும். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்து ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரைக் கூட்டத்துக்கு அழைத்து, தன்னால் எந்தெந்த வீடுகளுக்குப் போக முடியவில்லை என்று அவர் வாயாலேயே கேளுங்கள். வங்கிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் தனியாகத் தொடங்குங்கள், சங்கத்தின் மற்ற நிதியோடு கலக்க வேண்டாம். முதல் மாத வசூலில் காற்றுப் படுக்கைகள் இரண்டு, சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, யாருக்கு எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செவிலியரைத் தேடும் வேலையையும் அதே மாதத்தில் ஆரம்பித்துவிடுங்கள். ஆள் கிடைக்க நாளாகும்.